குன்றை வாங்கினால் போதுமா?

மலாக்கா பட்டணத்தில் வீட்டு நிலத்துக்கு விலை விசாரித்தவர்களுக்குத் தெரியும், ஒரு சதுர அடிக்கு என்ன கேட்கிறார்கள் என்று. அதே பட்டணத்தின் நடுவில், சாலையும் கடைவீதியும் நெருக்கும் இடத்தில், ஏறக்குறைய 42 ஹெக்டேர் நிலம் பச்சையாகக் கிடக்கிறது. ஏக்கர் கணக்கில் சொன்னால் நூற்றுக்கும் மேல். ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று குன்றுகள். புல், புதர், மரம், அவற்றினிடையே 12,500 வரையிலான சீனக் கல்லறைகள். காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் அங்கேதான் ஏறுகிறார்கள். புக்கிட் சீனா என்று சொன்னால் நீங்கள் உடனே தலையாட்டுவீர்கள்.

இவ்வளவு விலையுள்ள இடம் எப்படித் தப்பியது? ஒருவர் அதைக் காசு கொடுத்து வாங்கினார் என்பது விடையின் பாதி. டச்சுக்காரர் ஆட்சியில் சீனர்களின் கப்பித்தானாக இருந்த லீ வெய் கிங், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் குன்றுகளை வாங்கி, செங் ஹூன் தெங் கோயிலின் பொறுப்பில் இடுகாடாக விட்டார். அவர் பச்சைவெளியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். இறந்தவர்களுக்கு இடம் வேண்டும், அந்த இடம் யார் கையிலும் சிதறிப்போகக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் தனி ஆள் பெயரில் வைக்காமல் கோயிலிடம் ஒப்படைத்தாரே, அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தனி ஆளுக்கு வாரிசுகள் உண்டு; வாரிசுகளுக்குக் கடன் உண்டு. கோயிலுக்கு அது இல்லை. 1949இல் அந்தக் கோயிலின் அறங்காவலர் குழுவுக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் செட்டிச் சமூகத்துக்குக் கொடுத்த நிலம் அது. இன்றும் அந்த இடத்தில் மணி அடிக்கிறது.

விடையின் மறுபாதி 1983க்குப் பின் நடந்தது. குன்றை வெட்டிச் சமப்படுத்தி, மண்ணைக் கடலோரத்தைத் தூர்க்கப் பயன்படுத்தி, அங்கே வணிகக் கட்டடங்கள் எழுப்பலாம் என்ற திட்டத்தை மாநில அரசு முன்வைத்தது. அறங்காவலர்கள் இசையவில்லை. 1984இல் நில அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: நிலவரிப் பாக்கி 20 லட்சம் வெள்ளிக்கும் மேல். வரி கட்டாத நிலம் என்ன ஆகும் என்று நில உரிமையாளர் எவருக்கும் தெரியும். பறிமுதல் வரை போகலாம். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. சீனச் சங்கங்கள், எதிர்க்கட்சிகள், வரலாற்று ஆர்வலர்கள், மற்ற இனத்தவர்கள் என்று பலரும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஆக, 300 ஆண்டுகளுக்கு முன்பே விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்கு 1984இல் இரண்டாவது விலை கேட்கப்பட்டது. நிலம் வாங்கிப் பச்சையாக விட நினைக்கும் எந்த ஊரும் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம் இது. வாங்கும் பணம் ஒரு தடவைச் செலவு. நிலவரி ஆண்டுதோறும் வரும். வேலி, காவல், சாய்ந்த மரம் அகற்றுவது, குப்பை கொட்டாமல் பார்ப்பது என்று மற்றவையும் வரும்.

குன்று பட்டணத்துக்கு என்ன செய்கிறது?

இதையெல்லாம் செய்து ஒரு குன்றைக் காப்பாற்றுவதில் பட்டணத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அழகு, காற்று என்று பொதுவாகச் சொல்வதைவிடக் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு சாயங்கால மழையில் 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது புதுமை இல்லை. 42 ஹெக்டேரில் விழும் நீர் 2 கோடியே 10 லட்சம் லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் எட்டை நிரப்பி மிச்சமும் இருக்கும். தாரும் சிமெண்டும் போட்ட தரையாக இருந்தால் இதில் பெரும்பங்கு சில நிமிடங்களில் சாக்கடைக்கு ஓடிவிடும். சாக்கடை தாங்காவிட்டால் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். மரமும் புல்லும் மூடிய மண்ணில் வேர்கள் போட்ட துளைகள், மண்புழுப் பாதைகள், மக்கிய இலைகள் எல்லாம் சேர்ந்து நீரைப் பிடித்துக் கீழே இறக்குகின்றன. இறங்கிய நீர் நாள்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து குன்றடியில் கசிகிறது. புக்கிட் சீனாவின் அடிவாரத்தில் ஹங் லி போ கிணறு இருக்கிறது. அது வற்றாது என்பது பட்டணத்துப் பழங்கதை. குன்றடிக் கிணறுகளைப் பற்றி உலகம் முழுக்க இப்படிக் கதைகள் உண்டு. மேலே இருக்கும் குன்றே அவற்றுக்கு நீர்த்தொட்டி என்பதால் அந்தக் கதைகளில் ஓரளவு நீரியலும் கலந்திருக்கிறது.

மலாக்காக்காரர்களுக்குத் தண்ணீர் அருமை தெரியாமல் இல்லை. 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு, வீட்டுக் குழாய்களில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெப்பத்தையும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. நன்றாக வளர்ந்த பெரிய மரம் ஒன்று, மண்ணில் ஈரம் இருந்தால், ஒரு நாளில் 100 லிட்டர் நீரை இலைவழியே ஆவியாக்கக்கூடும். அப்படிச் செய்யும்போது அது சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி இரவும் பகலும் ஓடி ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஒரு வித்தியாசம் உண்டு: குளிரூட்டி அந்த வெப்பத்தை உங்கள் பக்கத்து வீட்டுச் சன்னல் பக்கம் தள்ளுகிறது, மின்கட்டணமும் வாங்குகிறது.

எந்தத் துண்டை வாங்குவது?

புக்கிட் சீனா முழுமையான காடு இல்லை. மலாக்காவில் காடு என்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர்தான். மாநிலப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஏன் இவ்வளவு குறைவு? 1883இல் நத்தானியல் கேண்ட்லி என்பவர் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோதே காடு வேகமாக அழிகிறது என்ற கவலை இருந்தது. காடுகளை ஒதுக்கி வைக்கும் வேலை அதன் பிறகு தொடங்கியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே ரப்பர் வந்துவிட்டது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகத்துக்காக நட்டார். அடுத்து புக்கிட் ஆசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து நின்றது அந்தக் காடு அழிந்த இடத்தில்தான். அவர்களில் பலர் காட்டை வெட்டியும் இருக்கிறார்கள். வெட்டச் சொன்னது யார் என்பது வேறு விஷயம்.

இன்று அதே தோட்டங்கள் பட்டண ஓரத்தில் விற்கப்படுகின்றன. ஆயர் குரோ, டுரியான் துங்கால், அலோர் காஜா பக்கம் போனால் நேற்றுப் பால் வெட்டிய நிறையில் இன்று வீட்டுமனைப் பலகை நிற்பதைப் பார்க்கலாம். ரப்பர் தோட்டமோ செம்பனைத் தோட்டமோ காட்டுக்கு ஈடில்லை. ஒரே மரத்தை வரிசையாக நட்ட இடத்தில் காட்டுப் பறவைகளில் சிலவே தங்கும். இருந்தாலும் தார்த்தரையோடு ஒப்பிட்டால் அது நீரை உறிஞ்சுகிறது, நிழல் தருகிறது, விட்டால் மெல்லக் காடாகத் திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது. அதனால் தோட்டம் கைமாறும் நேரம்தான் ஓர் ஊர் பச்சைவெளியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

முழுத் தோட்டத்தையும் யாரும் வாங்க முடியாது. வாங்கத் தேவையும் இல்லை. எந்தத் துண்டு என்பதே கேள்வி. இங்கே அறிவியல் கொஞ்சம் கறாராகப் பேசுகிறது. காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து மண்ணை உலர்த்துகின்றன, பெரிய மரங்கள் சாய்கின்றன, வெளிச் செடிகொடிகள் படர்கின்றன. இந்தப் பாதிப்பு 100 மீட்டர் வரை உள்ளே எட்டும் என்று எடுத்துக்கொள்வோம். 4 ஹெக்டேர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் 200 மீட்டர். நான்கு பக்கமும் 100 மீட்டர் கழித்தால் நடுவில் மிஞ்சுவது பூச்சியம். முழுதும் ஓரம்தான். 42 ஹெக்டேர் சதுரத்தில் மிஞ்சும் உள்காடு 20 ஹெக்டேர், ஏறக்குறையப் பாதி. அதே 42 ஹெக்டேரைச் சாலையோரமாக 200 மீட்டர் அகலத்தில் நீட்டிவிட்டால் மறுபடியும் பூச்சியம். வீடமைப்புத் திட்டங்களில் 'பசுமைப் பகுதி' என்று அங்கங்கே துண்டு துண்டாகக் காட்டுவார்களே, அவற்றைக் கூட்டினால் வரும் பரப்பைக் கேட்டு மயங்க வேண்டாம். விளையாட அவை நல்லவை. காட்டு வேலையை அவை செய்யாது.

எனவே ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்புக் காட்டை ஒட்டிய நிலம், ஆற்றங்கரை, செங்குத்தான குன்றின் உச்சி ஆகியவை முதலிடம் பெறுகின்றன. சின்னத் துண்டாக இருந்தாலும் இரண்டு காடுகளை இணைப்பதாக இருந்தால் அதன் மதிப்பு பல மடங்கு. கர்நாடகத்தில் எடையாரள்ளி - தொட்டசம்பிகே என்ற யானை வழியை மீட்க இந்திய வனவிலங்கு அறக்கட்டளை விலைகொடுத்து வாங்கியது 25.5 ஏக்கர் மட்டுமே. வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மாநில வனத்துறையிடம் ஒப்படைத்தது. சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே சிதறிய காட்டை இணைக்கவும் இப்படித் துண்டு நிலங்கள் நன்கொடைப் பணத்தில் வாங்கப்பட்டிருக்கின்றன.

பத்துப் பத்து வெள்ளியாக

பணம் எங்கிருந்து வரும்? நம் சமூகத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்போது துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அது காட்டைக் காக்க அல்ல, வேலையைக் காக்க வாங்கிய நிலம். ஆனாலும் நாள்கூலிக்காரர்கள் சேர்ந்து நிலம் துண்டாகாமல் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்நாட்டில் கிடையாது என்பேன்.

இன்றைய கணக்குக்கு வருவோம். ஒரு வட்டாரத்தில் 10,000 குடும்பங்கள் மாதம் 10 வெள்ளி போட்டால் ஐந்தாண்டில் 60 லட்சம் வெள்ளி சேரும். விவசாய நிலம் ஏக்கர் ஒரு லட்சம் வெள்ளி என்று உதாரணத்துக்கு வைத்தால் 60 ஏக்கர் வாங்கலாம். அதே நிலம் கட்டட நிலமாக மாற்றப்பட்டு, சதுர அடி 23 வெள்ளிக்கு வந்துவிட்டால் ஏக்கர் பத்து லட்சம். கிடைப்பது 6 ஏக்கர். நிலத்தின் வகை மாறுவதற்கு முன் போனீர்களா, பின் போனீர்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நன்கொடைக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதை நிரந்தர ஏற்பாடாக்கியவர்கள் உண்டு. நான்டக்கெட் என்ற சிறு தீவில் 1983 முதல் ஒவ்வொரு நில விற்பனையிலும் நூற்றுக்கு இரண்டு வீதம் ஒரு நில வங்கிக்குப் போகிறது. நிலம் விலை ஏறினால், வாங்கும் நிதியும் கூடவே ஏறும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் சொத்துவரியின்மேல் நூற்றுக்கு மூன்று வரை கூடுதல் வரி போட்டுக்கொள்ளலாம். மாநிலமும் தன் பங்கைச் சேர்க்கும். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விதி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரம். நிலவரி, நில வகையை மாற்றும்போது வாங்கும் பிரிமியம், இவை மாநிலக் கருவூலத்துக்கு முக்கிய வருமானம். அப்படியானால் காட்டைக் காடாக விடும் மாநிலத்துக்கு நட்டம்தானே? இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்த, காடு காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி கொடுக்கும் முறை 2019இல் 6 கோடி ரிங்கிட்டோடு தொடங்கியது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 25 கோடியாக உயர்ந்திருக்கிறது. நல்ல நகர்வுதான். ஆனால் பெரிய காடுகள் உள்ள பகாங், சபா, சரவாக் போன்றவற்றோடு ஒரே பந்தியில் உட்காரும் மலாக்காவின் இலையில் எவ்வளவு விழும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பட்டா யார் பெயரில்?

வாங்கியாகிவிட்டது என்றே வைப்போம். அரசிடம் ஒப்படைத்தால் நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுப் பயனுக்கான ஒதுக்கீடாக அறிவிக்கலாம். நிலவரித் தொல்லை இல்லை. ஆனால் அறிவித்த அரசே அதை ரத்துச் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. சங்கத்தின் பெயரில் வைத்தால் நிலவரி வரும். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளவும் முடியும். எதுவும் இரும்புப் பெட்டி இல்லை. 2021இல் சிலாங்கூரில் வடக்குக் கோலலங்காட் பாதுகாப்புக் காட்டின் பெரும்பகுதி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும், மக்களின் பலத்த ஆட்சேபத்துக்குப் பிறகு மாநில அரசு அந்த முடிவை மாற்றிக்கொண்டதும் நினைவிருக்கும். புக்கிட் சீனாவும் பட்டாவால் மட்டும் நிற்கவில்லை.

நம்மவர்களுக்குச் சாதகமான ஒரு விதியும் அதே நிலச் சட்டத்தில் உண்டு. 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைக் கைமாற்ற 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். துண்டாடலின் காயத்திலிருந்து பிறந்த விதி. ஒரு தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்று வாரியத்துக்கு முன்கூட்டியே தெரியும் என்றால், ஆற்றங்கரையையும் குன்றையும் பிரித்து வைக்கச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் எது?

குன்றோடு மக்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் கையகப்படுத்தப்பட்டபின் அங்கே வேலை செய்த நம் குடும்பங்கள் 1980களிலிருந்து தற்காலிக நீண்ட வீடுகளில் வாழ்ந்தன. பக்கத்தில் இருந்த ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டம் வந்தபோது, இந்தக் குடும்பங்களுக்கு வீடு கொடுப்பதும் அதிலேயே கட்டப்பட்டிருந்தது. பூங்கா வேண்டுமா, ஏழைக்கு வீடு வேண்டுமா என்று இரண்டையும் மோதவிட்ட ஏற்பாடு. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா பிழைத்தது. வீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் காத்திருப்பு அந்தத் தீர்ப்போடு முடியவில்லை.

நான் சொன்ன மாசசூசெட்ஸ் விதி இதைத்தான் தொடுகிறது. அங்கே திரளும் நிதியில் பத்தில் ஒரு பங்காவது திறந்தவெளிக்கு, பத்தில் ஒரு பங்காவது பழம்பெருமை உள்ள இடங்களுக்கு, பத்தில் ஒரு பங்காவது எளியவர்களுக்கான வீட்டுக்கு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. தோட்டம் விற்கப்படும்போது லயத்து மக்களுக்கு வீட்டுமனை, தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் இடம், ஆற்றங்கரைக்குப் பச்சை மூன்றையும் ஒரே மனுவில் கேட்பது நியாயம் மட்டுமல்ல, தந்திரமும்கூட. தனித்தனியாகக் கேட்டால் ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது எளிது.

உங்கள் ஊர் எல்லையில் உள்ள தோட்டத்தின் நிலை தெரிய வேண்டுமா? நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான் ரஸ்மி' கேட்டால் உரிமையாளர், நில வகை, பட்டாவில் உள்ள நிபந்தனைகள் கிடைக்கும். அந்த நிலம் பின்னாளில் என்னவாகும் என்று திட்டமிட்டிருப்பதை உள்ளூர்த் திட்ட வரைவில், அதாவது 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' வரைபடத்தில், வண்ணம் பூசிக் காட்டியிருப்பார்கள். மலாக்கா மாநகராண்மை, அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு நாளிதழில் சின்ன எழுத்தில் வரும், பெரும்பாலும் மலாயில். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். நிலத்தின் லாட் எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.